நோய்க்கு ஒரு படிக்கல்

எங்கள் அலுவலகத்தில் உடம்பு சரியில்லை என்று யாரும் வாய்க்கு வந்தபடி சொல்லிவிட முடியாது. வெளியே சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்கள் வேலை பார்க்கிற இடங்களில் டாக்டர் கிறுக்கிக் கொடுத்த துண்டுச் சீட்டைக் காட்டிவிட்டு வீட்டில் போய்ப் படுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் எடையளவு அலுவலகம். ஊரில் இருக்கிற அத்தனை கடைகளின் தராசும், எடை போடுகிற படிக்கல்லும் எங்களிடம் வந்து, சரிதான் என்று முத்திரை வாங்கிக்கொண்டு போனால்தான் வியாபாரம் நடக்கும். கால் கிலோ என்றால் எவ்வளவு என்று ஊருக்கே சொல்லுகிற இடத்தில், காய்ச்சல் என்றால் எவ்வளவு என்று எவனோ ஒரு டாக்டர் வந்து சொல்வதா?

இது என் கேள்வி இல்லை. எங்கள் இயக்குநர் கேட்டது. நான் ரசீது போடுகிற ஆள். எனக்கு எதற்குக் கேள்வி.

எல்லோரையும் கூடத்தில் நிற்க வைத்து அவர் பேசினார். எங்கள் கூடத்தில் மேஜைக்காரர்களைத் தவிர யாருக்கும் நாற்காலி கிடையாது, கடைக்காரர்கள் உட்கார்ந்து பழகிவிடக் கூடாது என்று.

"டாக்டர் என்ன எழுதறாரு? பலவீனம்னு எழுதறாரு. எவ்வளவு பலவீனம்? வலின்னு எழுதறாரு. எந்த அளவுக்கு வலி? ஒரு கடைக்காரன் ‘கொஞ்சம் கனமான கல்லு சார்’னு சொல்லிக் கொண்டு வந்தா நாம முத்திரை குத்துவோமா? என்னை மனுஷத்தன்மை இல்லாதவன்னு நெனைக்காதீங்க. நோயாளிக்கு லீவு கொடுக்கணும்னு நான் துடிச்சுக்கிட்டிருக்கேன். ஆனா யாரு நோயாளின்னே தெரியாம எப்படிக் கொடுக்கறது? தெரியாம கொடுத்தா அது உண்மையான நோயாளிக்குச் செய்யற துரோகம் இல்லையா?"

எங்கள் உள்ளறையில் வெல்வெட் பெட்டிக்குள் ஒரு பித்தளைக் கல் இருக்கிறது. அதைக் கையால் தொடக் கூடாது, வியர்வை பட்டால் எடை மாறிவிடும் என்று இடுக்கியால்தான் எடுப்போம். ஊரில் உள்ள மற்ற எல்லாக் கல்லும் அதைப் பார்த்துத்தான் சரி அல்லது தப்பு. நோய்க்கும் அப்படி ஒன்று வேண்டும் என்றார் இயக்குநர். வேலைக்கு வருகிறவர்களிலேயே யார் ரொம்ப மோசமோ அவர்தான் அளவு. அவரே வந்து உட்கார்ந்திருக்கும்போது, அவரை விட நோய் குறைந்தவன் வீட்டில் படுத்திருப்பது திருட்டு. அவரை விட ஒரு துளி கூடுதலாக இருந்தால் லீவு, குறைந்தால் வேலை. கேட்கும்போது எனக்கே, அட, இவ்வளவு காலம் இது யாருக்கும் தோன்றவில்லையே என்றுதான் இருந்தது. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது, அது வேறு விஷயம்.

ஆள் தேட ரொம்பச் சிரமப்படவில்லை. பதிவறையில் ஒரு அண்ணன் இருந்தார். நெஞ்சுச் சளி, சர்க்கரை, செருப்புக்குள் நுழையாத ஒரு கால், புரை விழுந்த ஒரு கண். பேச ஆரம்பித்தால் இருமல் வந்து மீதியைத் தின்றுவிடும். ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. போட்டால் மகள் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று பயம். இயக்குநர் அவரைத் தேர்ந்தெடுத்த அன்றிலிருந்து அவருக்குப் பெயரே படிக்கல் அண்ணன் ஆகிவிட்டது.

கூடத்தின் ஓரத்தில் கண்ணாடித் தடுப்பு வைத்து ஓர் அறை கட்டினார்கள். மெத்தை நாற்காலி போட்டார்கள். குளிரும் வெயிலும் ஏறி இறங்கக் கூடாது என்று ஏசி வைத்தார்கள். பியூன் கையுறை மாட்டிக்கொண்டுதான் அவருக்கு டீ கொடுக்க வேண்டும். அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. சர்வீஸ் முழுக்க யாரும் அவரை உட்காருங்கள் என்று சொன்னது இல்லை. இப்போது எழுந்திருக்காதீர்கள் என்றார்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை. படிக்கல் என்றால் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இதைப் பார்த்துக்கொள்ள நல அலுவலர் மேடம் இருந்தார்கள். அவர்கள் வேலை எங்கள் நலத்தைக் கவனிப்பது. நன்றாகவே கவனித்தார்கள். ஒரு வாரம் மகள் புதிதாக ஏதோ சிரப் வாங்கிக் கொடுக்க, அண்ணனுக்கு இருமல் பாதியாகிவிட்டது. அந்த வாரமே தராசு பழுது பார்க்கிறவரும் டைப்பிஸ்டும் அவரை விட மோசம் என்று நிரூபித்து லீவில் போய்விட்டார்கள். இயக்குநர் தன் அறையிலிருந்து பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க," என்றார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான். "இன்னொருத்தர் குணமானா அது அவரோட போயிடும். நீங்க குணமானா ஆபீஸே படுத்துக்கும்."

அண்ணனுக்கு ரொம்ப வெட்கமாகப் போய்விட்டது. சிரப் புட்டியை அவரே எடுத்துக் கொடுத்தார். ஏமாற்றுக் கடைக்காரர்களிடமிருந்து பிடுங்கி வைத்த கள்ளப் படிக்கற்கள் இருக்கிற அலமாரியில் மேடம் அதைப் பூட்டி வைத்தார்கள். மறுநாளே இருமல் பழைய அளவுக்கு வந்துவிட்டது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எங்கள் முத்திரைக்காரருக்குக் கண் மஞ்சளித்தது.

முத்திரைக்காரர் என்றால் கடைக்காரர்கள் கொண்டுவரும் கல்லையெல்லாம் தூக்கித் தட்டில் வைத்து, முள் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து, நின்றால் உளியை வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போடுகிறவர். இருபது கிலோக் கல்லையெல்லாம் குனிந்து குனிந்து எடுக்க வேண்டும். என் மேஜைக்கு எதிர் மேஜை அவருடையது. அதிர்ந்து பேசாத மனுஷர். யார் எதைக் கேட்டாலும் "சரி, பாத்துக்கலாம்" என்பார், பார்த்தும் கொள்வார். அந்த மாதிரி ஆட்களுக்கு என்ன கதி என்று உங்களுக்கே தெரியும்.

சாப்பிட்டது தங்கவில்லை, கண்ணைப் பார் என்று மனைவி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். மஞ்சள் காமாலை. "இதுக்கு மருந்துன்னு பெரிசா ஒண்ணும் இல்ல," என்றாராம் டாக்டர். "ஓய்வுதான் மருந்து. படுத்தே கிடக்கணும். கனம் தூக்கவே கூடாது. கல்லீரல் ஏற்கனவே வீங்கியிருக்கு. நீங்க பாட்டுக்குத் தூக்கிக்கிட்டே இருந்தீங்கன்னா அப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனம் இல்ல. டம்ளரைக்கூடத் தனியா வெச்சுக்கங்க."

சொல்லாமல் கொள்ளாமல் வீட்டில் இருந்துவிட முடியுமா? முடியாது. அனுமதி இல்லாமல் வராதவனுக்கு வேலை போகும். வேலை போனால் அலுவலகம் கொடுத்த வீடும் போகும். பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் குழந்தை வேறு. ஆக, லீவு கிடைத்தால் பிழைப்பார், கிடைக்காவிட்டால் கல் தூக்கிச் சாவார். விஷயம் அவ்வளவுதான்.

கண்ணாடி அறைக்குள் அவரை அண்ணன் பக்கத்தில் நிறுத்தினார்கள். இரண்டு பேரையும் மாடிப்படி ஏறச் சொன்னார்கள். முத்திரைக்காரர் பாதியில் உட்கார்ந்துவிட்டார். அண்ணனும் பாதியில் உட்கார்ந்தார். முதலில் உட்கார்ந்தது முத்திரைக்காரர்தான், நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் மேடம் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

"வகை வேற வேற சார்," என்று இயக்குநரிடம் சொன்னார்கள். "அண்ணனுக்கு மஞ்சள் இல்ல. இவருக்கு இருமல் இல்ல. எண்ணெயை முழக்கோலால அளக்க முடியுமா?"

"அப்ப நான் என்ன மேடம் பண்றது?" என்றார் முத்திரைக்காரர்.

"கொஞ்சம் இருமிப் பாருங்களேன்."

அவர் இருமிப் பார்த்தார். தொண்டையைச் செருமுவது மாதிரி ஏதோ ஒன்று வந்தது. அண்ணன் நாற்காலியில் இருந்தபடியே, இவ்வளவுதானா என்பது மாதிரிப் பார்த்துவிட்டு, அடிவயிற்றிலிருந்து ஒன்று இருமிக் காட்டினார். பதவியை விட்டுக்கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்.

"உங்ககிட்ட முயற்சியே இல்ல," என்றார்கள் மேடம்.

இயக்குநர் ஒரு வழி கண்டுபிடித்தார். சந்தேகம் வந்தால் இரண்டு கல்லையும் ஒரே அறையில் கொஞ்ச நாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். அப்படியே இவர்களையும் வைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. காலையிலும் மாலையிலும் முத்திரைக்காரர் தன் கல்லைத் தூக்கட்டும், மதியம் மட்டும் அண்ணனோடு இருக்கட்டும். டாக்டர் சொன்னார் என்று மனைவி தனி டம்ளர் கொடுத்து அனுப்பியிருந்தாள். மேடம் அதை வாங்கி வெளியே வைத்துவிட்டார்கள்.

"ஒப்பிடும்போது ரெண்டுக்கும் எல்லாமே ஒண்ணா இருக்கணும். ஒரே காத்து, ஒரே தண்ணி, ஒரே டம்ளர். இல்லன்னா நாளைக்கு யாராவது வந்து அளவு தப்புன்னு கேஸ் போடுவாங்க."

"மேடம், இது ஒட்டிக்கற நோயாம்."

"அண்ணனுக்கு அதெல்லாம் ஒட்டாது. அவரு படிக்கல்லு."

ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நாளில் அண்ணனின் நல்ல கண்ணும் மஞ்சள், புரை விழுந்த கண்ணும் மஞ்சள். இயக்குநருக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. கையைத் தேய்த்துக்கொண்டு கண்ணாடி அறைக்குள் வந்தார்.

"இப்ப வகை ஒண்ணாயிடுச்சு. இப்ப ஒப்பிடலாம்," என்றார். ஒப்பிட்டார்கள். அண்ணனுக்கு மஞ்சள், இருமல், கால், கண், சர்க்கரை. முத்திரைக்காரருக்கு வெறும் மஞ்சள். "பாருங்க, மஞ்சளுக்கு மஞ்சள் சரியாப் போச்சு. மிச்சம் இருக்கற இருமலுக்கு நீங்க எங்க போவீங்க? அவரோட நிழல்கிட்டகூட நிக்க முடியாது உங்களால. போங்க, போய் வேலையைப் பாருங்க."

எனக்கு வயிறு எரிந்தது. வயிறு எரிகிறது என்று சத்தமாகச் சொன்னால் அதையும் அளப்பார்களே என்று வாயை மூடிக்கொண்டு ரசீது போட்டேன்.

அன்று சாயங்காலம் முத்திரைக்காரரின் மனைவி இயக்குநரைப் பார்க்க வந்தாள். தையல் வேலை செய்கிறவள், விரல் நுனியெல்லாம் ஊசிக் குத்து. இயக்குநர் மரியாதை தெரிந்தவர். தன் அறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் பேசினார்.

"உங்க வீட்டுக்காரரை நாங்க கைவிட்டுட்டோம்னு நெனைக்காதீங்கம்மா. தினம் அளக்கறோம். நீங்க வீட்டுல அளக்கறீங்களா?"

"வீட்டுல படுக்க வெப்போம் சார்."

"அதாம்மா வித்தியாசம். நீங்க பாசத்துல பண்றீங்க. நாங்க பொறுப்போட பண்றோம். பாசத்துக்கு அளவு கிடையாது. எனக்கும் குடும்பம் இருக்கு. போன மாசம் எனக்குத் தலைவலின்னு நாலு நாள் நான் வரல. அதுக்கு யாரையும் கேக்கல. ஏன்னா என் பொறுப்பு எனக்குத் தெரியும்."

அவள் எழுந்து வந்துவிட்டாள். வேறென்ன செய்வாள்.

இதற்கிடையில் அண்ணனுக்கு நாளுக்கு நாள் முடியாமல் போயிற்று. இருமலுக்கும் வாந்திக்கும் நடுவே மூச்சு விட இடம் தேட வேண்டியிருந்தது. ஒரு நாள் அவரே கையைத் தூக்கி, தனக்கு லீவு வேண்டும் என்று கேட்டுவிட்டார். அலுவலகமே அதிர்ந்து போயிற்று.

"எப்படிண்ணே கொடுக்கறது?" என்றார் இயக்குநர். "உங்களை விட மோசமா இருக்கறவங்களுக்குத்தான் லீவு. நீங்க உங்களை விட மோசமா இருக்க முடியுமா?"

"நேத்து இருந்ததை விட இன்னைக்கு மோசமா இருக்கேன் சார்."

"இன்னைக்கு நீங்க எப்படி இருக்கீங்களோ அதுதான் இன்னைக்கு அளவு. நேத்து அளவு நேத்தோட போச்சு."

அண்ணன் யோசித்துப் பார்த்தார். அவர் எங்கள் அலுவலகத்தில் வளர்ந்த ஆள், நியாயம் புரிந்துவிட்டது. சரி சார் என்று சாய்ந்துகொண்டார்.

அப்படிச் சாய்ந்தவர்தான். மறுநாள் காலையில் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் உயிர் போயிருக்கிறது. எப்போது போயிற்று என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் இருக்கும்போதும் அப்படியேதான் இருந்தார். டீ கொண்டுபோன பியூன்தான் கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டுப் பார்த்து வெளியே ஓடி வந்தான். அதற்கு முன்னால் காலையில் இரண்டு பேரை அவரோடு நிறுத்தி ஒப்பிட்டு, நீங்கள் நன்றாகத்தான் இருக்கிறீர்கள் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது. அவரோடு ஒப்பிட்டால் அவர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள்.

மகள் வந்தாள். அழுது முடித்து, ஒரு வெள்ளைப் போர்வையோடு கண்ணாடி அறை வாசலில் நின்றாள். அப்பாவை எடுத்துக்கொண்டு போக வேண்டும். இயக்குநர் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவர் முகத்தில் துக்கத்தை எதிர்பார்த்தேன். தெரிந்தது வேறு.

"ஒரு விஷயம் கவனிச்சீங்களா மேடம்," என்றார். "இனிமே இவரு கூடவும் மாட்டாரு, குறையவும் மாட்டாரு. சிரப் குடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. இதை விட நல்ல அளவு எந்த ஆபீஸ்லயும் கிடையாது."

"வாடை வரும் சார்," என்றார்கள் மேடம். நல அலுவலர் இல்லையா, எங்கள் நலமும் பார்க்க வேண்டுமே.

இயக்குநர் பெருமூச்சு விட்டார். பிறகு விதியைச் சொன்னார். மூலப் படிக்கல்லை வெளியே எடுக்க வேண்டுமானால் அந்த இடத்தில் வேறு படிக்கல் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அலுவலக நேரத்தில் இடம் ஒரு நிமிஷம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. அதுவரை இவர் இங்கேதான். சொல்லிவிட்டு மெதுவாகத் திரும்பி முத்திரைக்காரரைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அலுவலகத்தில் அடுத்த மோசம் அவர்தான், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வேண்டாம், மாட்டிக்கொள்ளாதே என்று நான் கண்ணைக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"நான் உக்காந்தா இவரை விட்டுடுவீங்களா சார்?"

"உடனே."

"என் லீவு?"

"இனிமே லீவுக்கே நீங்கதான் அளவு. உங்களுக்கு எதுக்கு லீவு?"

முத்திரைக்காரர் நின்ற இடத்திலேயே நின்றார். மகள் அவரைப் பார்த்தாள். "அண்ணே, வெயில் ஏறுது. அப்பாவை வீட்டுக்குக் கொண்டு போகணும்," என்றாள். அவள் கெஞ்சக்கூட இல்லை, அதுதான் வினை. கெஞ்சியிருந்தால் யோசிக்க நேரம் கேட்டிருப்பார். அண்ணனைத் தூக்கி எடுத்தார்கள், முத்திரைக்காரர் போய் உட்கார்ந்தார். நாற்காலியைத் துடைக்கக்கூட இல்லை.

"நீங்க நல்லா இருக்கணும்ண்ணே," என்று மகள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாதும்மா," என்று இயக்குநர் கண்டித்தார்.

இறந்தவருக்கு மரியாதையாக எல்லோருக்கும் அரை நாள் விடுமுறை விட்டார்கள். அலுவலக நேரத்தில் படிக்கல் வெளியே போகக் கூடாது என்பதால் முத்திரைக்காரருக்கு மட்டும் இல்லை. யாருமில்லாத கூடத்தில், கண்ணாடிக்குள், அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்.

இங்கேதான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. யோசித்துப் பாருங்கள், படிக்கல்லுக்கு என்ன வேலை? ஒன்றும் இல்லை. உட்கார்ந்திருப்பதுதான் வேலை. முதல் இரண்டு மூன்று நாள் கை சும்மா இருக்காமல் நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் தூங்க ஆரம்பித்தார். என் மேஜையிலிருந்து பார்ப்பேன், வாய் பிளந்து தூங்குவார். கல் இல்லை, குனிவது இல்லை, சுத்தியல் இல்லை. குளிர்ந்த அறை, மெத்தை நாற்காலி. சாப்பிட்டது வயிற்றில் தங்கியது. ஒரு மதியம் அவருக்கு ரசீதுக் கட்டு ஒன்றைக் காட்டுவது மாதிரி உள்ளே போனேன். கண் கிட்டத்தட்ட வெள்ளை.

"மெதுவாப் பேசுங்க," என்றார். எத்தனையோ நாளைக்கப்புறம் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "இந்த ஓய்வுக்குத்தானே நாயா அலைஞ்சேன். இங்கயே கெடச்சுடுச்சு பாருங்க. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிட்டேன்னா முழுசாத் தேறிடுவேன். யாருகிட்டயும் மூச்சு விட்டுடாதீங்க."

நான் விடவில்லை. சத்தியமாக விடவில்லை. மேடம் வருகிறபோதெல்லாம் அவர் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு முனகுவார். நான் வெளியே யாரிடமோ பேசுவது மாதிரி, பாவம் ரொம்ப மோசமாகிக்கொண்டே வருகிறது என்று குரல் கொடுப்பேன். முத்திரைக்காரருக்கு நடிப்பு வராது என்று நினைத்திருந்தேன். உயிர் பிழைக்க வேண்டுமென்றால் யாருக்கும் வரும்போல.

ஆனால் வீட்டில் எச்சரித்து வைக்க மறந்துவிட்டார். அவரைச் சொல்லி என்ன செய்ய. நல்ல செய்தியை மூடி வைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

ஒரு நாள் காலையில் மனைவி வந்தாள். முகம் கழுவிப் பொட்டு வைத்து, தலைக்கு எண்ணெய் தேய்த்து வாரி, ஒரு பை நிறையப் பழத்தோடு. நேராக இயக்குநர் அறைக்குப் போனாள். எழுந்து ஓடிப்போய்த் தடுத்திருக்கலாம், ஆனால் எனக்கு அப்போது விஷயம் புரியவில்லை. கதவு திறந்திருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

"உங்களை நான் தப்பா நெனைச்சுட்டேன் சார். மன்னிச்சுடுங்க. அந்த அறையில உக்கார வெச்சு எங்க குடும்பத்தையே காப்பாத்திட்டீங்க. கண்ணு நல்லா வெளுத்துடுச்சு."

இயக்குநர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிற சத்தம் கேட்டது.

"அப்படியாம்மா," என்றார் இயக்குநர். "சாப்பாடு?"

"ரெண்டு வேளையும் கேட்டு வாங்கிச் சாப்பிடறாரு."

"தூக்கம்?"

"படுத்தா காலையிலதான் முழிப்பு. நேத்து குழந்தையைத் தோள்ல தூக்கிக்கிட்டு தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்தாரு. டாக்டரே அசந்து போயிட்டாரு சார். இன்னும் ஒரே ஒரு தடவை வந்து காட்டிட்டா போதும்னுட்டாரு. நாளைக்குச் சாயங்காலம் வரச் சொல்லியிருக்காரு."

கேட்கக் கேட்க அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். சந்தோஷமாக இருக்கிறவர்களை நிறுத்துவது கஷ்டம். இயக்குநர் எழுந்து வாசல் வரை வந்து அவளை வழியனுப்பினார்.

"நீங்க வந்து சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சும்மா. சில விஷயமெல்லாம் வீட்டுல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்."

அவள் வெளியே போகும்போது என்னைப் பார்த்து ஒரு பழத்தை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். நான் அதைத் தொடவில்லை.

மறுநாள் காலை எங்களையெல்லாம் கண்ணாடி அறை முன்னால் வரச் சொன்னார்கள். உள்ளே முத்திரைக்காரர். கண்ணை மூடிக்கொண்டு முனகினார். மேடம் போய் இமையைப் பிதுக்கிப் பார்த்துவிட்டு, ஆமாம் சார் என்று தலையாட்டினார்கள்.

"எனக்கு யார் மேலயும் கோபம் இல்ல," என்று ஆரம்பித்தார் இயக்குநர். "ஒரு கல்லு தேஞ்சுபோனா நாம என்ன பண்றோம்? தூக்கியா போட்டுடறோம்? அடியில இருக்கற குழியில ஈயத்தை ஊத்திப் பழைய எடைக்குக் கொண்டு வர்றோம். அது அந்தக் கல்லுக்கு நாம செய்யற மரியாதை. இவரை நம்பி எத்தனை பேரு இருக்கீங்க! இவரு இப்படியே வெளுத்துக்கிட்டே போனா நாளைக்கு உங்கள்ல எவனுக்குத்தான் வேலைக்கு வர மனசு வரும்? இவரைப் பாதுகாக்கறது உங்க எல்லாரையும் பாதுகாக்கற மாதிரி."

பியூன் தள்ளுவண்டியில் இருபது கிலோக் கற்களை அடுக்கி உருட்டிக்கொண்டு வந்தான். தரையிலிருந்து மேஜைக்கு, மேஜையிலிருந்து தரைக்கு. கணக்கு எதுவும் இல்லை, அளவு வரும் வரை.

முத்திரைக்காரர் எழுந்து நின்றார். நன்றாக நின்றார், அதுவும் எல்லோர் கண்ணிலும் பட்டது.

"மேடம், கனம் தூக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"அதனாலதான்," என்றார்கள் மேடம்.

அவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் நிறையப் பேர் இருந்தோம். ஒரு ஆள் போதும், இது என்ன அநியாயம் என்று கேட்க. பக்கத்தில் நின்ற டைப்பிஸ்ட் என்னைப் பார்த்தாள், நான் தராசு பழுது பார்க்கிறவரைப் பார்த்தேன், அவர் கூரையைப் பார்த்தார். கேட்டவனைப் பிடித்து, உனக்கு இவ்வளவு தெம்பு இருக்கிறதா, அப்படியானால் நீ தூக்கு என்பார்களோ என்று எல்லோருக்கும் ஒரே பயம். பிறகு எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போய்விட்டோம்.

அவர் குனிந்து முதல் கல்லை எடுத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்பதால் சத்தம் கேட்கவில்லை. தலை மேலே வருவதும் கீழே போவதும் மட்டும் தெரிந்தது. நடுநடுவே மேடம் உள்ளே போய், அவசரமே இல்லை, மெதுவாகச் செய்யுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்று அன்பாகச் சொல்லிவிட்டு வந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தலை மேலே வர நேரம் பிடித்தது. சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தார். துடைத்துவிட்டு மறுபடி தூக்கினார். சாயங்காலம் கல்லோடு சேர்ந்து அவரும் கீழே போனார், மேலே வரவில்லை. இரண்டு பேர் போய்த் தூக்கி நாற்காலியில் சாத்தினார்கள்.

இயக்குநர் எல்லோரையும் மறுபடி கூப்பிட்டார். மேடம் குனிந்து அவர் இமையைப் பிதுக்கினார்கள், மூச்சைக் கவனித்தார்கள், கையைத் தூக்கி விட்டுப் பார்த்தார்கள். கை தானாக மடியில் விழுந்தது.

"அளவு வந்துடுச்சு சார்," என்றார்கள்.

இயக்குநர் கை தட்டினார். அவர் தட்டினால் நாங்களும் தட்ட வேண்டும். தட்டினோம்.

நான் கூட்டத்தின் கடைசியில், கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தேன். பக்கத்தில் யாரோ வந்து நின்றது மாதிரி இருந்தது. முத்திரைக்காரரின் மனைவி. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக, அவருக்கு ஒரு துவைத்த சட்டையைப் பையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். எட்டி எட்டிப் பார்த்தாள். முதுகும் தலையுமாகத்தான் தெரிந்தது, உள்ளே இருப்பவர் தெரியவில்லை.

"என்னண்ணே, எல்லாரும் கை தட்டறாங்க? இவருக்கா?"

"ஆமாம்மா," என்றேன். "படிக்கல் வேலையில அவரை நிரந்தரமாக்கிட்டாங்க."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. சட்டை கசங்காமல் பையைக் கீழே வைத்துவிட்டு, அவளும் கை தட்டினாள்.